லைட்டை அணைங்க சார், ஜவ்வாது மலை தெரியட்டும்!

‘ஜவ்வாது மலைக்குப் போகிறேன், இரண்டு நாள் லீவு வேண்டும்’ என்று ஆபீசில் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். மேனேஜர் மூக்குக் கண்ணாடியை நுனிக்கு இறக்கி, “அது எங்கய்யா இருக்கு? வாசனைப் பவுடர் டப்பாவுல வருமே, அங்கேயா?” என்பார். ஊட்டி என்றால் இந்தக் கேள்வி வராது. கொடைக்கானல் என்றால், “என்ன, யார் கூட?” என்று ஒரு கண்ணடிப்பாவது கிடைக்கும். ஜவ்வாது மலைக்கு அந்த கௌரவம்கூட இல்லை.

எங்கே இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. பழைய வடாற்காடு சீமை. வேலூர், திருவண்ணாமலை, 2019ல் தனியாகப் பிரிந்த திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டங்கள் இந்த ஒரே மலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கின்றன. நடுவே ஜமுனாமரத்தூர். அதுதான் மலைக்குத் தலைநகரம். பஸ் ஸ்டாண்டு, பரோட்டாக் கடை, தாலுகா ஆபீஸ் எல்லாம் அங்கேதான்.

இனி, இல்லாதவற்றின் பட்டியல். பொம்மை ரயில் இல்லை. தாவரவியல் பூங்கா இல்லை. “இந்த மரத்தைச் சுற்றித்தான் சார் அந்தப் பாட்டு எடுத்தாங்க” என்று காட்ட ஒரு மரம் இல்லை. குளிரும் அப்படி ஒன்றும் பல்லைக் கிட்டிக்காது. ஊட்டி 2,240 மீட்டர் உயரம் என்றால், இங்கே காவலூர் வெறும் 725 மீட்டர். மார்கழி, தை ராத்திரிகளைத் தவிர மற்ற நாட்களில் ஸ்வெட்டர் பெட்டிக்குள்ளேயே தூங்கலாம்.

அப்புறம் எதற்குத்தான் போவது? நான் மூன்று முறை போயிருக்கிறேன். மூன்று முறையும் ஒரே காரணம்தான். அங்கே நல்ல இருட்டு இருக்கிறது!

சிரிக்காதீர்கள். அந்த இருட்டைத் தேடி நமக்கு முன்னாலேயே ஒருவர் அலைந்திருக்கிறார். வைனு பாப்பு. 1960ல் கொடைக்கானல் வான் ஆய்வகத்துக்கு இயக்குநராக வந்தவர். கொடைக்கானல் சூரியனைப் பார்க்கச் சரி. ராத்திரி நட்சத்திரம் பார்க்க மேகம் விடாது. வேறு இடம் வேண்டும். ஊர் விளக்குகள் எட்டாத இடமாக இருக்க வேண்டும். வட வானமும் தென் வானமும் இரண்டுமே கண்ணுக்குக் கிடைக்கிற இடமாகவும் இருக்க வேண்டும். தேடித் தேடி அவர் பிடித்த இடம்தான் ஆலங்காயத்துக்கு மேலே, சந்தனக் காட்டுக்கு நடுவே இருக்கும் காவலூர். அறுபதுகளின் கடைசியில் ஒரு சின்னத் தொலைநோக்கியோடு வேலை ஆரம்பமானது. 1972ல் ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கிரகம் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று உலகமே கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்ததே, அந்த ராத்திரி காவலூரும் காத்திருந்தது. கிரகம் வந்து மறைப்பதற்கு முன்பே நட்சத்திரம் ஒளி மங்கி மீண்டது. நடுவில் ஏதோ குறுக்கே போகிறது என்றுதானே அர்த்தம்? அது யுரேனஸின் வளையம். அதற்குச் சாட்சி சொன்ன இடங்களில் நம் காவலூரும் ஒன்று.

பாப்பு கனவு கண்ட பெரிய தொலைநோக்கி முடிவதற்குள் 1982ல் அவர் போய்விட்டார். 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி வந்து அதற்கு அவர் பெயரையே வைத்தார். கண்ணாடியின் குறுக்களவு 2.34 மீட்டர். எங்கள் ஆபீசிலேயே உயரமான ஆளை அதில் படுக்க வைத்தாலும் தலைமாட்டில் சொம்பு வைக்க இடம் மிஞ்சும். இங்கேயே செய்தது, முப்பது வருஷம்போல நாட்டிலேயே மிகப் பெரிய ஒளியியல் தொலைநோக்கி அதுதான். இரண்டு வருஷம் கழித்து, 1988 பிப்ரவரியில், இதே காவலூரில் இன்னொரு தொலைநோக்கியில் ஒரு குறுங்கோளைக் கண்டுபிடித்தார்கள். இந்தியாவிலிருந்து அப்படி ஒன்று அகப்பட்டு நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அதற்கு ராமானுஜன் என்று பெயர். கணக்கில் கோட்டை விட்ட நம் போன்றவர்கள் அண்ணாந்து கும்பிட்டுக்கொள்ளலாம்.

சனிக்கிழமைகளில் பொதுமக்களை உள்ளே விடுவது வழக்கம். கிளம்பும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய தொலைநோக்கியில் நீங்களும் நானும் கண் வைக்க முடியாது, அது ஆராய்ச்சிக்காரர்களுடையது. பார்வையாளர்களுக்குச் சின்னது ஒன்று உண்டு. வானம் தெளிவாக இருந்தால் நிலாவின் பள்ளம், வியாழனின் நிலாக்கள், சனியின் வளையம் என்று பருவத்துக்குத் தக்கபடி காட்டுவார்கள். சனியைக் கோயிலில் ஒன்பது சுற்றுச் சுற்றியிருக்கிறேன். நேரில் பார்த்தது இங்கேதான். மோதிரம் போட்டுக்கொண்டு ரொம்ப சாதுவாக இருந்தார்.

வரிசையில் எனக்கு முன்னால் ஒரு கல்லூரிப் பையன். இருட்டில் செல்ஃபி எடுக்க ஃபிளாஷை ஒரு தட்டுத் தட்டினான். எல்லோருக்கும் கண் கூசிவிட்டது. பக்கத்தில் மாணவர்களைக் கூட்டி வந்திருந்த ஒரு வாத்தியார் கோபிக்கவில்லை. “தம்பி, மேல தெரியுதே, அதுல சிலதோட வெளிச்சம் கிளம்பி ஆயிரம் வருஷம் ஆச்சுப்பா. உன் ஃபிளாஷ் இப்பதான் கிளம்புது. எதுக்கு முதல்ல வழி விடணும், நீயே சொல்லு” என்றார். பையன் போனைப் பைக்குள் போட்டுவிட்டான்.

எப்போது போகலாம் என்பதில்தான் சிக்கல். ஜவ்வாது மலையில் பார்க்க இரண்டு சமாசாரம்: நட்சத்திரம், அருவி. இரண்டும் ஒரே டிக்கெட்டில் கிடைக்காது. ஜமுனாமரத்தூர் பக்கத்து பீமன் அருவி நன்றாகக் கொட்ட வேண்டுமானால் மழை பெய்ய வேண்டும். மழை பெய்தால் மேகம். மேகம் இருந்தால் காவலூரில் போய் கூரையைப் பார்த்துவிட்டு வரலாம். ஆக, குளிக்கிற கட்சி புரட்டாசியிலிருந்து கார்த்திகை வரை. அண்ணாந்து பார்க்கிற கட்சி தையிலிருந்து சித்திரை வரை. நான் இரண்டாவது கட்சி. மாசி மாதம் முன்னிரவில் தெற்கே பளிச்சென்று அகத்தியர் நட்சத்திரம் நிற்கும். சித்திரையில் ஒன்பது, பத்து மணிக்கு ஒரு பக்கம் அடிவானத்தை ஒட்டித் துருவ நட்சத்திரம், முதுகைத் திருப்பினால் எதிர்ப்பக்கம் தென்சிலுவை. டில்லிக்காரன் காசு கொடுத்தாலும் இந்த ஜோடியை அவன் ஊரில் பார்க்க முடியாது.

காலண்டரில் இன்னொன்றும் பாருங்கள். அமாவாசையை ஒட்டிய சனிக்கிழமையாகப் பிடியுங்கள். நிறைந்த நாள், பாட்டியும் தடுக்கமாட்டாள். பௌர்ணமி மட்டும் வேண்டவே வேண்டாம். நிலா வெளிச்சத்தில் பாதி வானம் அழிந்துபோகும். போதாக்குறைக்கு திருவண்ணாமலை கிரிவலக் கூட்டம். அந்தப் பக்கத்து பஸ்ஸில் ஒற்றைக் காலில் நின்று வர வேண்டியிருக்கும்.

சாப்பாட்டுக்கு வருவோம். சென்னையிலிருந்து ரயிலில் போனால் வாணியம்பாடியில் இறங்கி ஆலங்காயம் வழியாக மலையேறலாம். வாணியம்பாடிக்கு முன்னால் ஆம்பூர் வரும். சீரகச் சம்பா அரிசி, கத்திரிக்காய்த் தொக்கு... வேண்டாம், மாசக் கடைசியில் இதையெல்லாம் எழுதக் கூடாது. பசித்தால் இறங்கித் தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் பார்சல் கட்டிக்கொண்டு மலைக்குப் போகாதீர்கள். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

மேலே ஜமுனாமரத்தூரில் இட்லி, பரோட்டா எல்லா ஊரையும் போலத்தான். அதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டாம். முதல் நாளே யாரிடமாவது சொல்லி வைத்தால் கேழ்வரகுக் களியும் நாட்டுக்கோழிக் குழம்பும் கிடைக்கும். சாமைச் சோறும் கிடைக்கும். நான் ஒரு சின்ன மெஸ்ஸில் மத்தியானம் ஒரு மணிக்கு நுழைந்து, “நாட்டுக்கோழி இருக்காம்மா?” என்றேன்.

“இருக்குது தம்பி.”

“எங்கே?”

“தோ, வெளிய மேஞ்சிகினு இருக்குது. நீ வந்துட்டேன்னு அதுவா வந்து சட்டியில குந்திக்குமா? நேத்தே சொல்லணும்.”

அடுத்த நாளைக்குச் சொல்லிவிட்டு, அன்றைக்குச் சாமைச் சோறும் கத்திரிக்காய்க் குழம்பும் சாப்பிட்டேன். சென்னையில் இந்தச் சாமைக்குப் பளபளக்கும் பாக்கெட், பச்சை எழுத்து, ‘சர்க்கரைக்கு நல்லது’ என்று சான்றிதழ் எல்லாம் உண்டு. இங்கே அதன் பெயர் சோறு. மானாவாரியில் விளைகிறது. கடுகு மாதிரி இருக்கும் அதை உமி நீக்கி எடுப்பது எத்தனை பெரிய வேலை என்று அந்த அம்மா முறத்தைக் காட்டிச் சொன்னபோது, இரண்டாம் முறை சோறு கேட்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. கேட்டேன்.

இங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு மலையாளி என்று பெயர். என்னுடன் வந்த நண்பன் இதைக் கேட்டுவிட்டு, டீக்கடையில் ஒருவரிடம் “சேட்டா, சுகமாணோ?” என்று ஆரம்பித்துவிட்டான். அவர் இவனை மேலும் கீழும் பார்த்து, “தமிழ் வராதா உங்களுக்கு?” என்றார். மலையை ஆள்பவர் மலையாளி, அவ்வளவுதான். கேரளத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. காஞ்சிபுரத்திலிருந்து முன்னோர்கள் மலையேறி வந்தார்கள் என்று அவர்களுக்குள் ஒரு கதை உண்டு.

தங்குவதற்கு? நட்சத்திர ஹோட்டல் கிடையாது. நட்சத்திரமெல்லாம் வெளியேதான். ஜமுனாமரத்தூரில் சின்ன லாட்ஜுகள் உண்டு. வீட்டோடு ஓர் அறை விடுகிறவர்கள் உண்டு. வனத்துறை விடுதிக்கு முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். காவலூரில் ராத்திரி நட்சத்திரம் பார்த்துவிட்டு ஆய்வகத்திலேயே படுத்துக்கொள்ளலாம் என்று கனவு காணாதீர்கள். அந்த நேரத்துக்கு பஸ்ஸும் இருக்காது. சொந்த வண்டியோ, பேசி அமர்த்திய வண்டியோ கட்டாயம். வெந்நீர், விறகு அடுப்பில் அண்டாவில் காய்ந்து வாளியில் வரும். புகை வாசனை இலவசம்.

இப்போது புது தினுசாகக் கூடாரம், கேம்ப் ஃபயர், ஸ்பீக்கர் என்று வசதியான இடங்களும் முளைக்கின்றன. அப்படி ஓர் இடத்தில் இரண்டாம் பயணத்தின்போது தங்கினேன். பெயர் வேண்டாம். தோட்டத்தைச் சுற்றி நாலு பக்கமும் ஃபோகஸ் விளக்கு. கபடிப் போட்டிக்கு லைட் போட்ட மாதிரி இருந்தது. மேலே பார்த்தால் கறுப்பாக ஒரு ஜமக்காளம். ஒரு நட்சத்திரம் இல்லை.

மேனேஜரிடம் போய், “சார், இந்த லைட்டை ஒரு கால் மணி நேரம் அணைக்க முடியுமா?” என்றேன்.

“லைட்டு இல்லன்னா கஸ்டமருங்க பயப்படுறாங்க சார்.”

“நானும் கஸ்டமர்தானே. லைட் இருந்தால் எனக்கு பயமாக இருக்கிறது.”

நல்ல மனிதர். அணைத்தார். கூடாரங்களிலிருந்து ஒரே சத்தம். “ஹலோ, கரண்ட் போச்சா?”, “ஜெனரேட்டர் இல்லையா?” ஸ்பீக்கரும் அதே வயரில் இருந்திருக்க வேண்டும், பாட்டும் நின்றது. கண் இருட்டுக்குப் பழகக் கால் மணி, இருபது நிமிஷம் ஆகும். முதல் ஐந்து நிமிஷம் திட்டினார்கள். பத்தாவது நிமிஷம் ஒரு சின்னப் பெண், “அப்பா, மேல பாரேன்” என்றாள். அதற்கப்புறம் சத்தமே இல்லை. சமையல்காரர்கூடக் கரண்டியோடு வெளியே வந்து நின்றார். கால் மணி கழித்து விளக்கைப் போட மேனேஜர் கை வைத்தபோது, முதலில் ஜெனரேட்டர் கேட்ட அதே ஆசாமி, “இன்னும் கொஞ்ச நேரம் விடுங்க பாஸ்” என்றார்.

மற்ற இடங்களைச் சட்டென்று சொல்லிவிடுகிறேன். ஜமுனாமரத்தூர் கோமுட்டேரியில் படகு உண்டு. அரை மணி நேரம் நன்றாகப் போகும். வேலூர்ப் பக்கம் அமிர்தியில் சின்ன விலங்குப் பூங்கா, குழந்தை குட்டியோடு போகிறவர்களுக்கு. எனக்குப் பிடித்தது கீழ்சேப்பிளி. அங்கே கற்பலகைகளை நிறுத்தி, மேலே ஒரு பலகையை மூடி, சின்னச் சின்ன வீடுகள் மாதிரி நிற்கின்றன. குள்ளர் குகை என்கிறார்கள். குள்ள மனிதர்கள் வாழ்ந்த வீடுகள் என்பது ஊர் நம்பிக்கை. பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள் என்பது ஆராய்ச்சிக்காரர்கள் கட்சி. இரண்டாயிரம் வருஷத்துக்கும் மேலாக நிற்கிற கல்லில் போன வருஷத்துக் காதலர்கள் தங்கள் பெயரைச் செதுக்கியிருக்கிறார்கள். கல்யாணம் ஆயிற்றோ என்னவோ.

பிரியாணிப் பார்சல் விஷயத்துக்கு வருகிறேன். பீமன் அருவியில் ஒரு கோஷ்டியைப் பார்த்தேன். கார் ஒன்று, ஆறு பேர். நான் பி.காம். ஆகவே எதைப் பார்த்தாலும் மனசுக்குள் பற்று வரவு எழுதிவிடுவேன். பிரியாணி கீழே வாங்கியது. தண்ணீர் பாட்டில் கீழே வாங்கியது. சிப்ஸ், சிகரெட், ‘சரக்கு’ சகலமும் கீழே. பெட்ரோலும் கீழே. சாயங்காலமே இறங்கிவிடுவார்கள், அறை வாடகையும் இல்லை. மலைக்கு வரவு, பூஜ்யம். மலைக்கு அவர்கள் விட்டுப் போனது ஒன்பது பிளாஸ்டிக் பாட்டில், ஆறு தெர்மாகோல் தட்டு, எலும்பு. ஒரு முறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குகளைத் தமிழ்நாடு 2019 ஜனவரி முதல் தேதியிலேயே தடை செய்தாயிற்று. அருவிக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. நீங்கள் நாலு பேர் மேலே சாப்பிட்டு, மேலே தங்கி, மேலே தேன் வாங்கினால் அந்த ஆயிரமோ இரண்டாயிரமோ மேலேயே தங்கும்.

இந்தச் சில்லறைக் கணக்கை நான் ஏன் பெரிதாகப் பேசுகிறேன் என்றால், மலையில் கூலி கிடைக்காதபோது அங்குள்ள ஆண்கள் எங்கெல்லாம் போகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திராவின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 பேரைப் போலீஸார் சுட்டுக் கொன்றார்கள். அத்தனை பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். ஜவ்வாது மலைக்காரர்களும் அதில் இருந்தார்கள். கட்டை விற்றுச் சம்பாதித்தவன் எவனும் அந்தப் பட்டியலில் இல்லை. அதே மலையின் புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவமான கையோடு சென்னைக்குப் போய்த் தேர்வெழுதி, 23 வயதில் உரிமையியல் நீதிபதியாகத் தேர்வானது 2024 பிப்ரவரியில் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. இரண்டு செய்தியும் ஒரே மலையிலிருந்து.

இருட்டை வைத்தே ஊர் சம்பாதிக்க முடியுமா என்று கேட்பீர்கள். லடாக்கில் ஹான்லே என்று ஓர் ஊர். காவலூரை நடத்தும் அதே இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்கு அங்கேயும் தொலைநோக்கி இருக்கிறது. 2022ல் அந்தப் பகுதியை ‘இருள் வானக் காப்பகம்’ என்று அறிவித்தார்கள். உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சியும் தொலைநோக்கியும் கொடுத்தார்கள். இப்போது வீட்டில் தங்க வைத்து, சோறு போட்டு, ராத்திரி மொட்டை மாடியில் நட்சத்திரம் காட்டிச் சம்பாதிக்கிறார்கள். வீட்டு விளக்குக்கு மறைப்பு, ஜன்னலுக்குத் திரை, வண்டி விளக்குக்குக் கட்டுப்பாடு. அவ்வளவுதான் முதலீடு. தமிழ்நாடு அரசும் 2023ல் கொல்லிமலையில் இருள் வானப் பூங்கா அமைப்பதாக அறிவித்தது. கொல்லிமலை மேல் எனக்குப் பொறாமை இல்லை. ஆனால் அறுபதுகளிலேயே ஒரு விஞ்ஞானி தேடிப் பிடித்த இருட்டு ஜவ்வாது மலையில் இருக்கிறதே, அதற்கும் ஒரு பலகை வைக்கக் கூடாதா? காவலூரிலிருந்து பார்த்தால் அடிவானத்தில் கீழூர்களின் விளக்கு வெளிச்சம் பால் கொட்டின மாதிரி மேலே ஏறிக்கொண்டிருக்கிறது. மூன்றாம் முறை போனபோது முதல் முறையைவிட அதிகமாகத்தான் தெரிந்தது. மலையின் மேலேயும் ஃபோகஸ் விளக்குகள் பெருகினால் அப்புறம் காவலூர்க்காரர்கள் எதைப் பார்ப்பது?

சரி, போகிற வழி. சனிக்கிழமை காலை வாணியம்பாடி, ஆலங்காயம், காவலூர். ராத்திரி ஜமுனாமரத்தூர். ஞாயிற்றுக்கிழமை அருவியோ, குள்ளர் குகையோ, முன்கூட்டிச் சொல்லி வைத்த கோழியோ. மத்தியானத்துக்கு மேல் போளூருக்கு இறங்கினால், மலைப்பாதை முழுக்க ஜன்னல் சீட்டுக்கு மதிப்பு உண்டு. போளூரிலிருந்து வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ பஸ் நிறைய. செங்கம் வழியாகப் போகிறவர்கள், அந்த வட்டாரம் முழுக்க ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய நடுகற்கள் நிற்கின்றன என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது தேன், சாமை, புளி வாங்கலாம். பருவமானால் பலாப்பழம். பலா வாங்கினால் பஸ்ஸில் அதற்கும் சேர்த்து இடம் பிடியுங்கள். என் நண்பன் வாங்கியது வழி நெடுக என் மடியில்தான் வந்தது. கையில் ரொக்கம் இருக்கட்டும். செல்போனைக் காட்டிப் பணம் கொடுக்கலாம்தான். ஆனால் சிக்னல் அங்கே கண்ணாமூச்சி ஆடும். டார்ச் எடுத்துப் போனால் கண்ணாடியில் சிவப்பு ஜிகினாக் காகிதம் ஒட்டிக்கொள்ளுங்கள். பாதையும் தெரியும், அடுத்தவர் கண்ணும் கூசாது.

கடைசி பஸ் நேரத்தை மட்டும் இறங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும். நான் கண்டக்டரிடம் கேட்டேன்:

“அண்ணே, போளூருக்குக் கடைசி பஸ் எத்தினி மணிக்கு?”

“நாங்க கிளம்புறப்போ சார்.”

“நீங்க எப்போ கிளம்புவீங்க?”

“கடைசி பஸ் டயத்துக்கு.”

ஐந்து மணிக்கே போய் உட்கார்ந்துவிட்டேன்.